ஒரு பெயரின் வேரைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2013 நவம்பரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காகச் சென்னையில் இருவர் மோதினார்கள். பலகையின் இந்தப் பக்கம் விஸ்வநாதன் ஆனந்த், அந்தப் பக்கம் மாக்னஸ் கார்ல்சன். இரண்டுமே இரட்டைச் சொல் பெயர்கள்தான். ஆனால் ஆனந்துக்கு வைத்த பெயர் பின்னால் நிற்கிறது, முன்னால் நிற்பது அப்பா பெயர். கார்ல்சனுக்கு வைத்த பெயர் முன்னால் இருக்கிறது. பின்னால் வரும் 'கார்ல்சன்' என்பதற்குக் 'கார்லின் மகன்' என்று பொருள் என்றாலும் அவருடைய அப்பா பெயர் கார்ல் இல்லை, ஹென்ரிக். முன்னோர்களில் யாரோ ஒரு கார்லின் பெயர் உறைந்துபோய்க் குடும்பத்துக்கே ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டு ரசிகர்கள் ஆனந்தைச் செல்லமாக 'விஷி' என்று கூப்பிடுவார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் கூப்பிடுவது அவருடைய அப்பாவை!

பெயருக்குப் பொருள் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் அகராதியைத் திறக்கிறார்கள், இல்லையென்றால் குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடும் இணையதளத்துக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பல முறை மூக்குடைபட்ட பிறகு புரிந்தது: அகராதி கடைசியில் வர வேண்டியது. இந்தப் பெயர் எந்த மொழியிலிருந்து, யார் கையால், எந்தக் காலத்தில், எந்த எழுத்தைத் தாண்டி வந்தது என்று தெரிந்த பிறகுதான் பொருள் பிடிபடும். அந்த வரிசையில்தான் கீழே உள்ள படிகளும் போகின்றன.

முதல் படி: எந்தத் துண்டு யாருடையது?

முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு துண்டுக்குக் கீழும் அது எந்த வகை என்று குறியுங்கள். அந்த ஆளுக்கே வைத்ததா, அப்பா பெயரா, குடும்பத்துக்கு வழிவழியாக வருவதா, ஊர்ப் பெயரா, பட்டமா, மரியாதைச் சொல்லா? இந்தப் படியில் தவறினால் பிறகு செய்வதெல்லாம் வீண்.

உலகத்தில் எல்லாருக்கும் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' உண்டு என்பது விண்ணப்பப் படிவங்கள் கிளப்பிவிட்ட கற்பனை. தமிழில் நாம் போடும் இனிஷியல் குடும்பப் பெயர் ஆகாது. அப்பாவின் பெயர் அடுத்த தலைமுறையோடு மறைந்து, அங்கே புது எழுத்து வந்து உட்காரும். ஐஸ்லாந்திலும் கிட்டத்தட்ட இதே கதை. அப்பா ஜோன் என்றால் மகன் 'ஜோன்சன்', மகள் 'ஜோன்ஸ்தோத்திர்'. ஒரே வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருக்கும் வேறு வேறு பின்பெயர். அதனால்தான் அந்த நாட்டுத் தொலைபேசிப் புத்தகம் இடுபெயர் வரிசையில் அடுக்கப்பட்டது. எத்தியோப்பியாவில் மகன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் வரும். அபெபே பிகிலா என்ற மாரத்தான் வீரரின் சொந்தப் பெயர் அபெபே, பிகிலா அவருடைய அப்பா. அவரை 'பிகிலா' என்று மட்டும் எழுதுவது அப்பாவுக்குப் பதக்கம் கொடுப்பது மாதிரி.

சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளில் குடும்பப் பெயர் முன்னால் வரும். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு யாவ் என்பதுதான் குடும்பம். ஐரோப்பாவில் ஹங்கேரியர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு, அப்பா வழி முதலில், அம்மா வழி அடுத்து. கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸை நாம் சுருக்கமாக 'மார்க்கேஸ்' என்கிறோமே, அது அவருடைய அம்மா வீட்டுப் பெயர். நூலகத்தில் அவரைக் 'கார்சியா'வில்தான் தேட வேண்டும். போர்ச்சுகீசியர்களிடம் இந்த வரிசை தலைகீழ்: அம்மா வழி முன்னால், அப்பா வழி கடைசியில்.

ரஷ்யப் பெயரில் நடுத்துண்டு அப்பாவைச் சொல்லும். லெவ் நிகொலாயெவிச் தல்ஸ்தோய் என்றால் நிகொலாயின் மகன் லெவ், குடும்பம் தல்ஸ்தோய். மகளாக இருந்தால் 'நிகொலாயெவ்னா' ஆகும்.

குடும்பப் பெயரே இல்லாதவர்களும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட்டின் பெயர் 'தாண்ட்' மட்டும்தான். 'ஊ' என்பது பர்மிய மொழியில் பெரியவர்களுக்குப் போடும் மரியாதைச் சொல், நம் 'ஐயா' மாதிரி. ஆங் சான் சூ கீயின் பெயரில் 'ஆங் சான்' அப்பா, 'சூ' அப்பாவின் அம்மா, 'கீ' அம்மா. மூன்று பேரிடமிருந்து கடன் வாங்கித் தைத்த பெயர். இந்தோனேசியாவின் சுகர்ணோ ஒற்றைப் பெயர்க்காரர். அவர் மகள் மேகவதி சுகர்ணோபுத்ரியின் பின்பகுதி 'சுகர்ணோவின் மகள்' என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

அரபுப் பெயர் ஒரு தனி உலகம். ஒரு முழுப் பெயரில் ஐந்து அடுக்குகள் வரை இருக்கலாம்: வைத்த பெயர், 'இன்னாரின் மகன்' (இப்னு, பின்), 'இன்னாரின் தந்தை' (அபூ), சிறப்புப் பட்டம், ஊரையோ குலத்தையோ சொல்லும் அடை. முகம்மது இப்னு மூசா அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். மூசாவின் மகன் முகம்மது, குவாரிஸ்ம் என்ற பகுதியைச் சேர்ந்தவர். அந்த ஊர் அடைதான் லத்தீனில் திரிந்து இன்று கணினிக்காரர்கள் வாயில் 'அல்காரிதம்' என்று புழங்குகிறது. இன்னொரு பொதுவான தவறு 'அப்துல்' என்பதைத் தனிப் பெயராகப் பிரிப்பது. 'இன்னாரின் அடியார்' என்று பாதியில் நிற்கும் சொல் அது. பின்னால் வருவதோடு சேர்த்தால்தான் முழுமை. நம் அப்துல் கலாமுக்கு ஜைனுலாப்தீன் என்பது அப்பா பெயர், 'அப்துல் கலாம்' இரண்டும் சேர்ந்ததே அவர் பெயர்.

இரண்டாம் படி: மூல எழுத்தில் பாருங்கள்

தமிழ் எழுத்தில் மட்டும் ஒரு பெயரைப் பார்த்துப் பொருள் சொல்வது ஆபத்து. 'பாலன்' என்பதையே எடுத்துக்கொள்வோம். பாலமுருகனில் வரும் 'பால' வடமொழியில் ஆங்கில b போன்ற மென்மையான ஓசையோடு தொடங்குவது. குழந்தை என்று பொருள். கோபாலனில் வரும் 'பால' ஆங்கில p போன்ற வலிய ஓசை, காப்பவன் என்று பொருள். பசுக்களைக் காப்பவன் கோபாலன். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'பா'. ஒரு பட்டியலில் ஜெயபாலனுக்கு 'வெற்றிக் குழந்தை' என்று போட்டிருந்ததைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இதைவிட மோசமான வலை, வெவ்வேறு மொழிகளில் தனித்தனியாகப் பிறந்து ஒரே ஓசையில் வந்து முட்டும் பெயர்கள். பல வருடங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒரு சமீரிடம், "உங்கள் பெயருக்குக் காற்று என்று அர்த்தம், தெரியுமா?" என்று பெருமையாகக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சிரித்துவிட்டு, "அது வேற சமீர் தம்பி" என்றார். வடமொழிச் சமீருக்குத்தான் காற்று. அவர் பெயர் அரபி. இரவில் உட்கார்ந்து கதை பேசும் தோழன் என்று அதற்குப் பொருள். அன்றிலிருந்து ஒருவரின் வீட்டுமொழி என்னவென்று தெரியாமல் நான் வாயைத் திறப்பதில்லை. ஷீலாவும் இப்படித்தான். வடமொழியில் நல்லொழுக்கம். அயர்லாந்தில் அதே ஓசையில் இருக்கும் பெயர் செசிலியா என்ற லத்தீன் பெயரின் ஐரிஷ் வடிவம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஜப்பானியப் பெயர் என்றால் சீன எழுத்து வடிவம் கைக்கு வரும்வரை பொருள் சொல்லவே முடியாது. ஒரே ஓசைக்குப் பல எழுத்துச் சேர்க்கைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு பொருள். எழுத்து தெரிந்தால் பிறகு எளிது: தனாகா 'வயல் நடு', யமமோட்டோ 'மலையடி', ஹோண்டா 'முதன்மை வயல்', டொயோடா நிறுவனத்தாரின் குடும்பப் பெயரான டொயோதா 'வளமான வயல்'. சாலை நெடுக ஓடும் அத்தனை வண்டிகளும் வயல்வெளிதான்.

மூன்றாம் படி: முன்னொட்டையும் பின்னொட்டையும் கழற்றுங்கள்

பெரும்பாலான குடும்பப் பெயர்களில் ஒரு சின்ன ஒட்டு மொழியையும் பகுதியையும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பானியப் பெயரின் கடைசியில் வரும் 'எஸ்' மகன் என்பதைக் குறிக்கும். ஃபெர்னாண்டோவின் மகன் ஃபெர்னாண்டஸ், ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ். டென்மார்க், நார்வே பக்கம் 'சென்'. ஆர்மீனியாவில் 'யான்'. ஜார்ஜியாவில் 'ஷ்விலி' அல்லது 'ஜே'. துருக்கியில் 'ஓலு'. அயர்லாந்தில் முன்னால் வரும் 'ஓ' பேரனை அல்லது வழித்தோன்றலை, 'மாக்' மகனைக் குறிக்கும்.

வேல்ஸ் மொழி கொஞ்சம் குறும்புக்காரி. மகன் என்பதற்கு அங்கே 'ஆப்'. 'ஆப் ஹவல்' என்பதை வேகமாகச் சொல்லிச் சொல்லி 'பவல்' ஆகிவிட்டது. 'ஆப் ரீஸ்' என்பது 'பிரைஸ்' ஆனது. ஆங்கிலத்தில் விலையைக் குறிக்கும் சொல்லும் அப்படியே ஒலிக்கிறதே என்று பிரைஸ் குடும்பத்துக்கு வியாபாரப் பரம்பரை கட்டிவிடாதீர்கள். முதல் எழுத்து ஒட்டிலிருந்து வந்தது.

இடுபெயர்களிலும் இந்த வெட்டு உதவும். சுரேஷ், ரமேஷ், கணேஷ், தினேஷ், உமேஷ் எல்லாவற்றிலும் பின்னால் ஒளிந்திருப்பது 'ஈசன்'. கழற்றிவிட்டால் தேவர்களின் தலைவன், ரமையின் நாயகன், கணங்களின் தலைவன், பகலின் தலைவன், உமையின் நாயகன் என்று வரிசையாக அவிழும். தினேஷ் சூரியன், ரமேஷ் திருமால். ஆனால் ஓசையைக் கேட்டு மனம்போன போக்கில் வெட்டக் கூடாது. 'சங்கரன்' என்றால் சங்கு வைத்திருப்பவன் என்று சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'சம்' என்றால் நன்மை, 'கர' என்றால் செய்பவன். நன்மை செய்பவன் சங்கரன், சங்குக்கு அங்கே வேலையில்லை.

நான்காம் படி: குடும்பப் பெயர் நான்கு வகையில் எது?

உலகத்துக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை நான்கு தொட்டிகளில் அடங்கும்: தந்தை, ஊர், தொழில், அடையாளம். ஐரோப்பிய நூல்கள் இதைப் பெரிய வகைப்பாடாகப் பேசும். தமிழில் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. சங்கப் புலவர் வரிசையைத் திறந்து பாருங்கள். 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்': ஊர், அப்பாவின் ஆசிரியத் தொழில், மகன் என்ற உறவு, கடைசியில்தான் சொந்தப் பெயர். 'மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்': இருக்கும் ஊர், தானிய வியாபாரம், பூர்வீக ஊர், பெயர். கணியன் பூங்குன்றனாரில் சோதிடத் தொழிலும் ஊரும் இருக்கின்றன. 'செம்புலப்பெயனீரார்', 'அணிலாடு முன்றிலார்' போன்றவர்களின் சொந்தப் பெயர் தொலைந்துபோய், அவர்கள் எழுதிய உவமையே அடையாளமாக நின்றுவிட்டது. நான்கு தொட்டிகளும் அங்கேயே நிரம்பி இருக்கின்றன.

தொழில் பெயர்களில் கொல்லருக்கு இணை கிடையாது. இரும்படிக்க ஒருவர் இல்லாத ஊர் அந்தக் காலத்தில் இல்லை. ஊருக்கு ஒருவர்தான் என்பதால் அவரைத் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும். அதனால்தான் ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மனில் ஷ்மிட், ஹங்கேரியில் கோவாச், போலந்தில் கோவால்ஸ்கி, ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், ஸ்பெயினில் ஹெரேரோ, பிரான்சில் லெஃபெவ்ர், அரபியில் ஹதாத் என்று அத்தனை நாட்டிலும் அவர் இருக்கிறார். இத்தாலியில் அவர்தான் ஃபெராரி. ஷூமாக்கர் என்ற ஜெர்மன் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். ஆக 2000 முதல் 2004 வரை ஐந்து வருடங்கள் ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவர் கொல்லர் வீட்டு வண்டியை ஓட்டிப் பட்டம் வென்றார்.

ஊர்ப் பெயரில் பலர் கோட்டைவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. மதுரையில் இருப்பவரை யாரும் 'மதுரைக்காரர்' என்று கூப்பிட மாட்டார்கள். அவர் மதுரையை விட்டு வெளியே போன பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டும். ஆகவே ஊர்ப் பெயர் தாங்கிய குடும்பத்தைத் தேடும்போது அந்த ஊரிலேயே தோண்டாமல், அங்கிருந்து இடம்பெயர்ந்தவர்கள் போய்ச் சேர்ந்த சுற்றுவட்டாரத்தில் தேடுங்கள்.

அடையாளப் பெயர்கள் பெரும்பாலும் மரியாதையாக இருக்காது. தல்ஸ்தோய் என்றால் தடித்தவர். நெட்டை, குட்டை, சிவப்பு முடி, மொட்டைத் தலை என்று அக்கம்பக்கத்தார் வைத்த கிண்டல்கள் கல்வெட்டு மாதிரி நின்றுவிட்டன. 'ராஜா' என்ற பொருள் தரும் பெயர் கிடைத்தாலும் உடனே கிரீடம் தேட வேண்டாம். ஐரோப்பாவில் பண்டிகை நாடகத்தில் ராஜா வேடம் போட்டவருக்கும் அப்படிப் பெயர் ஒட்டியிருக்கிறது.

ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே குடும்பம் என்றும் முடிவு கட்டாதீர்கள். தென்கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். ஆனால் அவர்களுக்குள் கிம்ஹே கிம், கியோங்ஜு கிம் என்று பூர்வீக இடத்தை வைத்துத் தனித்தனிக் குலங்கள் உண்டு.

ஐந்தாம் படி: அந்த நாட்டில் குடும்பப் பெயர் எப்போது வந்தது?

குடும்பப் பெயர் என்பது பல நாடுகளில் நாம் நினைப்பதைவிட இளசு. அரசாங்கத்துக்கு வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் ஒரே பெயரில் ஐம்பது பேர் இருந்தால் தொல்லை. அதனால் ஆணை போட்டுக் குடும்பப் பெயர் வைக்கச் சொன்ன நாடுகள் ஏராளம். அந்த ஆண்டு தெரிந்தால், அதற்கு முந்தைய காலத்தில் அந்தப் பெயரைத் தேடி அலைவது மிச்சம்.

ஜப்பானில் சாதாரண மக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள 1870இல் அனுமதி வந்தது, 1875இல் கட்டாயமானது. நெதர்லாந்தில் நெப்போலியன் காலத்து ஆணை 1811இல் வந்தது. தாய்லாந்தில் 1913இல் சட்டம் போட்ட அரசர் வஜிராவுத், தானே உட்கார்ந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெயர் உருவாக்கிக் கொடுத்தார். தாய்லாந்துக் குடும்பப் பெயர்கள் பல வடமொழி, பாலிச் சொற்களால் நீண்டு கிடப்பது இதனால்தான். அவற்றை வைத்து இந்தியப் பூர்வீகம் பேசினால் நூறு வருடக் கதையை ஆயிரம் வருடக் கதையாக்கிவிடுவோம். துருக்கியில் 1934. அந்த ஆண்டு நாடாளுமன்றம் முஸ்தபா கெமாலுக்கு 'துருக்கியரின் தந்தை' என்ற பொருளில் அத்தாதுர்க் என்று கொடுத்தது, வேறு யாரும் அதை வைக்கக் கூடாது என்றும் தடை போட்டது. நார்வேயில் பரம்பரைக் குடும்பப் பெயரைச் சட்டம் கட்டாயமாக்கியது 1923இல். அதுவரை அங்கே பலருக்கு அப்பா பெயர்தான் பின்பெயர், நம் ஊர் மாதிரி.

பிலிப்பைன்ஸ் கதை எச்சரிக்கைக்காகவே சொல்ல வேண்டியது. 1849இல் கிளாவெரியா என்ற ஸ்பானிய ஆளுநர் அகர வரிசையில் ஒரு பெரிய பெயர்ப் பட்டியல் தயாரித்து ஊர் ஊராகப் பங்கிட்டுக் கொடுத்தார். சில ஊர்களில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரே எழுத்தில் பெயர் தொடங்கும். ஆகவே அங்கே ஸ்பானியக் குடும்பப் பெயர் இருப்பதற்கு ஸ்பானிய ரத்தம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

மங்கோலியாவில் தலைகீழ். 1920களில் குலப்பெயர்களைத் தடைசெய்தார்கள். 1990களில் மறுபடி வைக்கச் சொன்னபோது பலருக்குத் தங்கள் குலமே மறந்திருந்தது. செங்கிஸ்கானின் குலப்பெயரான போர்ஜிகினை ஏராளமானோர் எடுத்துக்கொண்டார்கள். 1981இல் விண்வெளிக்குப் போய்வந்த குர்ரக்சா மட்டும் வித்தியாசமாக யோசித்து, 'அண்டவெளி' என்று பொருள்படும் 'சன்சார்' என்பதைத் தன் குலப்பெயராக வைத்துக்கொண்டார். நம் 'சம்சாரம்' மங்கோலியா போனால் இப்படியும் ஆகும்!

ஆறாம் படி: இடுபெயரில் பொருளையும் காரணத்தையும் பிரியுங்கள்

பெயருக்கு என்ன பொருள் என்பது ஒரு கேள்வி. இந்தக் குழந்தைக்கு ஏன் அதை வைத்தார்கள் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் கலந்தால் குழம்பிவிடும். 'ஸ்டால்' என்றால் ரஷ்ய மொழியில் எஃகு. ஜுகாஷ்விலி என்ற ஜார்ஜியர் அதிலிருந்து ஸ்டாலின் என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். 1953 மார்ச் 1ஆம் தேதி பிறந்த மு.க. ஸ்டாலினுக்கு அந்தப் பெயர் வந்தது எஃகுக்காக இல்லை. நான்கு நாள் கழித்து மாஸ்கோவில் இறந்த தலைவருக்காக. பெரும்பாலான பெயர்கள் இப்படி ஆளிலிருந்து ஆளுக்குத்தான் போகின்றன. அகராதிப் பொருளைப் பெற்றோர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சதுரங்கக்காரர் மாக்னஸிடம் திரும்புவோம். லத்தீனில் மாக்னஸ் என்றால் 'பெரிய'. அது ஒரு வெறும் அடைமொழி. சார்லமேன் என்று அறியப்படும் ஐரோப்பியப் பேரரசர் கார்ல் மாமன்னரை லத்தீனில் 'கரோலுஸ் மாக்னுஸ்' என்பார்கள். 11ஆம் நூற்றாண்டில் நார்வே அரசருக்குப் பிறந்த பிள்ளைக்கு அந்த மாமன்னர் நினைவாகப் பெயர் வைக்கும்போது பட்டத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை அரசனாக, பெயர் அந்த நாட்டில் வேர்பிடித்தது. ஆக மாக்னஸ் கார்ல்சன் என்ற பெயரின் இரண்டு பாதியும் சுற்றிவளைத்துக் கார்ல் என்ற பெயரையே தொடுகின்றன. ரஷ்யன், போலிஷ் போன்ற ஸ்லாவ் மொழிகளில் அரசன் என்ற சொல்லே அந்தக் கார்லின் பெயரிலிருந்து வந்ததுதான்.

பழைய ஜெர்மானியப் பெயர்களில் 'வாக்கியம்' தேடுவது இன்னொரு வீண்வேலை. வில்லியம் என்றால் விருப்பம், தலைக்கவசம். ராபர்ட் என்றால் புகழ், ஒளி. இரண்டு சொற்களையும் ஒட்டி அவர்கள் ஒரு கருத்து சொல்ல வந்ததாக நினைக்க வேண்டாம். அப்பா பெயரில் ஒரு பாதி, அம்மா பெயரில் ஒரு பாதி என்று எடுத்து ஒட்டுவதும் வழக்கம். 11ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆயர் வுல்ஃப்ஸ்டனின் அம்மா வுல்ஃப்கிஃபு, அப்பா ஏதெல்ஸ்டன். விளைவு 'ஓநாய்க்கல்'. இன்று பெற்றோர் பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்துக் குழந்தைக்குப் பெயர் செய்கிறவர்களுக்கு ஆயிரம் வருடத்து முன்னோடிகள் இருக்கிறார்கள்.

சில இடங்களில் காரணம் காலண்டரில் இருக்கும். கானா நாட்டு அகான் மக்களிடம் கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண், குவாமே என்றால் சனிக்கிழமை. கோஃபி அன்னானும் குவாமே நுக்ருமாவும் பிறந்த கிழமையைப் பெயரிலேயே சுமந்தார்கள். பாலித் தீவில் பிறந்த வரிசைக்கே பெயர்: வாயன் மூத்தது, மதே அடுத்தது, ஞோமன் மூன்றாவது, கெதுத் நான்காவது. சுகர்ணோவுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் குஸ்னோ. அடிக்கடி நோய் வந்ததால் பெயரை மாற்றினார்கள், மகாபாரதத்துக் கர்ணனை நினைத்து. 'சு' சேர்ந்த கர்ணன் அவர்.

ஏழாம் படி: மாறுவேடத்தைக் கண்டுபிடியுங்கள்

பெயர் மொழி தாண்டும்போது மூன்று விதமாக உடை மாற்றும்: ஓசை திரியும், மொழிபெயர்க்கப்படும், தவறாகப் பிரிக்கப்படும்.

ஓசை திரிவதற்கு, யோவான் போதும். 'இறைவன் அருளினார்' என்ற எபிரேயப் பெயர்தான் ஜான், ஷான், ஹுவான், ஜொவான்னி, இவான், ஹான்ஸ், யஹ்யா எல்லாமே. தவறாகப் பிரிந்ததற்கு அலெக்சாண்டர். முன்னால் இருக்கும் 'அல்' என்பதை அரபியர்கள் தங்கள் மொழியின் சுட்டுச் சொல்லாக எடுத்துக்கொள்ள, மிச்சம் இஸ்கந்தர் ஆகி, நம்மிடம் வரும்போது சிக்கந்தர் ஆனது.

எனக்கு மிகவும் பிடித்தது மொழிபெயர்ப்பு. ஜெர்மன் அறிஞர் ஷ்வார்ட்ஸெர்ட் தன் 'கறுப்பு மண்'ணைக் கிரேக்கத்தில் மாற்றி மெலாங்க்தன் ஆனார். நிலப்படம் வரைந்த கிரேமர் தன் 'வணிகர்' என்ற பெயரை லத்தீனில் சொல்லி மெர்கேட்டர் ஆனார். தமிழில் இதை இன்னும் அழகாகச் செய்தவர்கள் உண்டு. சுவாமி வேதாசலம் சொல்லுக்குச் சொல் மாற்றி மறைமலை அடிகள் ஆனார்: வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர். கிறித்தவப் பெயர்களிலும் இது நடந்தது. லத்தீனில் 'சிறிய' என்று பொருள்படும் பவுல், பழைய கத்தோலிக்கத் தமிழில் சின்னப்பர். அருள் சுமந்த யோவான் அருளப்பர். அருளப்பனும் இவானும் ஒரே பெயர் என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

எட்டாம் படி: இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

குடும்பப் பெயரைத் தேடுகிறவர் ராஜராஜன் காலத்தில் ஆரம்பிக்கக் கூடாது. உங்கள் பிறப்புச் சான்றிதழில் ஆரம்பித்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே போக வேண்டும். பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரம், திருமண அழைப்பிதழ், கல்லறை, கோயில் நன்கொடைக் கல், பழைய கடிதத்தின் உறை. ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, பிழையோடு குறித்துக்கொள்ளுங்கள். திருத்தி எழுதிவிட்டால் தடயம் போயிற்று. ஐரோப்பியக் கிளை என்றால் தேவாலயப் பதிவேடுகள் பெரிய சொத்து. இங்கிலாந்தில் 1538இல் அவை கட்டாயமாயின. கத்தோலிக்க நாடுகளில் 1563இல் திரெந்து சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம் அதை வலியுறுத்தியது.

எழுத்துப்பிழையை எதிரியாக நினைக்காதீர்கள். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்கா போன தமிழர்களின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். மொரீஷியசிலும் ரீயூனியனிலும் தாத்தாவின் சொந்தப் பெயரான ராமசாமி அப்படியே உறைந்து இன்று பேத்திக்கும் குடும்பப் பெயராக நிற்கிறது. அந்த விநோத எழுத்துக்கூட்டலே எந்தத் துறைமுகம், எந்த ஆட்சி என்று சொல்லிவிடும்.

குடும்பக் கதைகளைக் கேளுங்கள், எழுதுங்கள், ஆனால் தாளோடு ஒத்துப்பாருங்கள். அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் 'எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்' என்று ஒரு கதை உலவும். கப்பலில் வந்து குடியேறியவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் தீவு அது. அங்கே இருந்தவர்கள் கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தார்களே தவிரப் புதிதாகப் பெயர் எழுதவில்லை. மாற்றிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களே, கரையேறிய பிறகு, வேலைக்காகவோ வெட்கத்துக்காகவோ. அதிகாரி மேல் பழியைப் போட்டது அதற்கும் பிறகு.

ஒரு பெயரை முழுதாக அவிழ்த்துப் பார்ப்போம்: சவரிமுத்து

எட்டுப் படியையும் ஒரே பெயரில் ஓட்டிக் காட்டுகிறேன். முதலில் பிரிப்பு: சவரி, முத்து. முத்து நம் வீட்டுச் சொல், மாரிமுத்துவிலும் இருக்கிறது. சவரி என்னவென்று தமிழ் அகராதியில் தேடினால் தலைமுடியோடு சேர்த்துப் பின்னும் சவுரி வரை போய் நிற்பீர்கள், அங்கே ஒன்றும் கிடைக்காது. பெயர் வழங்கும் குடும்பங்களைப் பாருங்கள்: கத்தோலிக்கர்கள். அப்படியானால் ஒரு புனிதர் இருக்க வேண்டும். சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1622இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பிரான்சிஸ் சேவியர்.

அவருக்குச் சொந்தப் பெயர் பிரான்சிஸ். சேவியர் என்பது ஊர் அடை. 1506இல் அவர் பிறந்த கோட்டை வடக்கு ஸ்பெயினின் நவாராவில் இருக்கிறது. பாஸ்க் மொழிக்காரர்கள் வாழ்ந்த பகுதி அது. கோட்டையின் பெயர் அவர்கள் மொழியில் 'எச்சே பெரி' என்பதிலிருந்து வந்தது. 'எச்சே' என்றால் வீடு, 'பெரி' என்றால் புதிய. அந்தக் காலத்து ஸ்பானிய, போர்ச்சுகீசிய உச்சரிப்பில் முதல் எழுத்து 'ஷ'. தமிழ் நாக்கு அதைச் 'ச' ஆக்கி, மரியாதைக்கு 'ஆர்' சேர்த்தது. பிறகு பிள்ளைகளுக்கு வைக்கும்போது சவரி என்று சுருங்கி முத்தோடு சேர்ந்துகொண்டது.

ஒரு பாஸ்க் ஊர்ப் பெயர், ஒரு குடும்பத்தின் அடை, ஒரு புனிதரின் பெயர், ஒரு தமிழ்ப் பெயரின் முன்பாதி. அடுத்த முறை ஒரு சவரிமுத்துவைப் பார்த்தால், "உங்கள் பெயரில் ஒரு புதுவீடு இருக்கிறது" என்று சொல்லுங்கள். விளக்கம் கேட்பார். அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.